சாமிக்கு ஒரு நிமிஷம்

ஞானஜோதி எதையும் இரண்டாம் முறை சொல்ல மாட்டாள். முதல் முறை உங்கள் காதில் விழவில்லை என்றால் அது உங்கள் தலையெழுத்து. கடப்பேரியில் அவள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவனிலிருந்து எங்கள் முதலாளி பக்தவச்சலம் வரைக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அப்படிப்பட்டவள் பின்னாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு ஒரே விஷயத்தை வாய்விட்டுச் சொல்வாள், தட்டுவாள், தட்டியதைத் திரும்பப் படிப்பாள், அப்புறமும் விரலை எடுக்காமல் நிற்பாள். ஏன் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கம்பெனி தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். கம்பெனி என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே வந்து பார்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை, மேலே ஏர்போர்ஸ் விமானம் போனால் கூரையும் சேர்ந்து பேசும். பிரசவத்துக்கு வேண்டிய பஞ்சு, மெல்லிய துணி, விரிப்பு எல்லாவற்றையும் அளவாக மடித்து, ஒரு பச்சைத் துணியில் சுற்றி ஒட்டி, நீராவியில் வேகவைத்துக் கிருமி போக்கி, சுற்றுவட்டாரத்து நர்சிங் ஹோம்களுக்குக் கொடுப்போம். அதற்குக் கட்டு என்று பெயர். நான் அங்கே பில் போடுகிறவள். என் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, பில்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஞானஜோதிதான் வேகவைக்கிற மெஷினுக்குப் பொறுப்பு. ஆளுயரத்துக்கு எவர்சில்வர் உருளை, கப்பல் கதவு மாதிரி ஒரு கதவு. நாங்கள் அதற்கு வைத்த பெயர் இட்லிப் பானை. வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும். அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள், அப்பா அதற்கு முன்னாலேயே. வீட்டில் தங்கச்சி அம்மணி மட்டும். அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நகை போட்டு, அந்தோணிசாமி என்ற எலக்ட்ரீஷியனுக்குக் கட்டிக்கொடுத்து முடித்தபோது தனக்கென்று ஒரு மாப்பிள்ளை பார்க்கிற வயது கடந்துபோயிருந்தது. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்கு எரிச்சல் வரும். "எனக்கு இன்னா கொறச்சல்? எந்தங்கச்சி கீறா" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

தொண்ணூற்றொன்று கடைசியில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி இட்லிப் பானையோடு இணைக்கச் சொன்னார். சேலையூரிலிருந்து சவுரிமுத்து என்று ஒரு என்ஜினீயர் வந்தார். அதுவரைக்கும் ஞானஜோதி சக்கரத்தைக் கையால் திருகி, கடிகாரத்தைப் பார்த்து, கையெல்லாம் சுட்டுக்கொண்டு செய்த வேலையை இனிமேல் தட்டச்சில் செய்யலாம் என்றார். கறுப்புத் திரை. இடது மூலையில் பச்சையாக ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு கட்டளையைத் தட்டினால் உடனே அதைச் செய்துவிட்டு, அடுத்தது என்ன என்று மறுபடியும் மின்னும். நீராவியைத் திற, சூட்டை ஏற்று, பிடித்து வை, நேரத்தை எண்ணு, ஆவியை வெளியே விடு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

"தினமும் இத்தனை வரியா தட்டுவீங்க? அதனால எல்லாத்தையும் சேர்த்து ஒரே பேர்ல கட்டி வெச்சிருக்கேன். இதுக்கு மேக்ரோன்னு சொல்வோம். பேரைத் தட்டினா மொத்தமும் தானா நடந்து, முடிஞ்சதும் கூவும்" என்றார் சவுரிமுத்து. அந்தப் பேர் 'அவி', இங்கிலீஷில் மூன்றே எழுத்து. நாங்கள் இட்லிப் பானை என்று கேலி செய்ததைக் கேட்டுவிட்டு வைத்திருக்கிறார், குசும்பு பிடித்த மனிதர்.

"பேர மட்டும் சொன்னா எவ்ளோ சூடு, எவ்ளோ நேரம்னு அதுக்கு எப்டி சார் தெரியும்?" என்றாள் ஞானஜோதி.

"பேருக்குப் பின்னாடி இடம் விட்டு ரெண்டு நம்பர் குடுக்கணும். ஆர்க்யுமென்ட்னு பேரு. முதல்ல சூடு, அடுத்தது நிமிஷம். துணிக் கட்டுக்கு, அவி 121 30. ரப்பர் சாமானுக்குச் சூடு தாங்காது, அதுக்கு வேற நம்பர். மேக்ரோ ஒண்ணுதான், நீங்க பின்னாடி என்ன குடுக்கறீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி வேலை செய்யும்."

முதலில் அது ஒழுங்காகத்தான் இருந்தது. நம்பர் போடாமல் வெறும் பேரைத் தட்டினால் நகராது. எத்தனை சூடு, எத்தனை நிமிஷம் என்று கேட்டுக்கொண்டு நிற்கும். இரண்டையும் சொன்னால்தான் நீராவியைத் திறக்கும்.

இரண்டாம் முறை சொல்லப் பிடிக்காதவளுக்கு இது எப்படி ஒத்துவரும்? ஒரு மாசத்தில் சலித்துவிட்டது. சவுரிமுத்து அடுத்த தடவை வந்தபோது பிடித்துக்கொண்டாள். "இன்னா சார் இது, தெனம் அதே நூத்தி இருவத்தொண்ணு, அதே முப்பது. செவிட்டு மாமியார் மாரி திருப்பித் திருப்பிக் கேட்டுகினே கீது. ஒரு தபா சொன்னா மனசுல வெச்சிக்காதா?"

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ஏதோ மாற்றினார். "சரி. இனிமே நம்பர் போடலைன்னா கடைசியா குடுத்த நம்பரையே எடுத்துக்கும். கரன்ட் போனாலும் மறக்காது. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. நடுவுல ஒரு வாட்டி வேற நம்பர் குடுத்தா, அப்புறம் அதுதான் அதோட நினைப்புல இருக்கும். சரியா தப்பான்னு யோசிக்காது. உங்களைக் கேக்கவும் கேக்காது."

எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. நேற்று வரை கேட்டுக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று கேட்பதை நிறுத்திவிட்டால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விடும். என் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்கு அந்த அனுபவம் உண்டு. ஆனால் பில் போடுகிறவள் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்? சவுரிமுத்துவும் கொஞ்ச நாளில் துபாய்க்குப் போய்விட்டார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், ஞானஜோதி கவனமாகத்தான் இருந்தாள். ரப்பர் கையுறை போட்டு எடுத்தால், அடுத்த துணிக் கட்டுக்கு மறக்காமல் இரண்டு நம்பரையும் தட்டுவாள். ஒருமுறைகூடத் தவறவில்லை. மற்ற நாளெல்லாம் வெறும் 'அவி'. மூன்று எழுத்து, ஒரு தட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த வேலை. அந்த மூன்று எழுத்தை அவள் தட்டுகிற வேகத்தைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

தொண்ணூற்று மூன்றில் அம்மணிக்கு வயிற்றில் பிள்ளை. ஞானஜோதி தரையில் கால் பாவாமல் திரிந்தாள். முடிச்சூர் ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமில் பெயர் பதிந்திருந்தார்கள். எங்கள் கட்டு போகிற இடம்தான் அது. "நான் வேகவெச்ச துணியிலதான் எங்கூட்டுப் புள்ள பொறக்கப் போவுது" என்று எல்லோரிடமும் சொன்னாள். ஆமாம், அவள்தான். ஒரு விஷயத்தை ஒருமுறைக்கு மேல் சொல்லாதவள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மழை பிடித்துக்கொண்டது. இட்லிப் பானைக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு. ஞானஜோதி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் மணிக்கு ஓடுகிற வேதக்காரக் குடும்பம்தான், ஆனாலும் மெஷினைத் துடைத்துப் பளபளப்பாக்குவதும் பொரிகடலை பங்கு பிரிப்பதும் வருஷா வருஷம் அவள்தான். மறுநாள் விஜயதசமி. அன்று யாரும் வேலை செய்வதில்லை. ஆனால் நல்ல நேரம் பார்த்து மெஷினைச் சும்மா ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுப் போக வேண்டும். லேத்துப் பட்டறையில் வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், பஸ்காரர்கள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்குவார்கள். எங்களுக்குக் காலி இட்லிப் பானை. முன்னெல்லாம் சக்கரத்தை ஒரு திருகு திருகி மூடுவோம். போன விஜயதசமிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேரில் கிடந்ததால் அப்போதும் அப்படியே செய்தோம். கம்ப்யூட்டரில் ஓட்டியது இந்த வருஷம்தான் முதல்.

முதலாளியின் மனைவி பாலாம்பாள் கைராசிக்காரி என்று பேர். அவர் கையால் தட்டினால் வருஷம் முழுக்க ஆர்டர் கொட்டும் என்று முதலாளி நம்பினார். அந்த அம்மாளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் கரன்ட் அடிக்கும் என்று பயம். ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஞானஜோதி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"அவி போட்டீங்களாம்மா? இப்ப அந்த நீட்டுப் பட்டன அமுக்குங்க, இடம் விடும். நூத்தி இருவத்தொண்ணு. மறுபடியும் இடம். அடுத்தது நிமிஷம்."

"எத்தனை போடட்டும்?"

"முப்பதெல்லாம் வேணாம், எல்லாரும் வீட்டுக்குப் போகணும். சாஸ்திரத்துக்கு ஒண்ணு போடு" என்றார் முதலாளி.

"சாமிக்கு ஒரு நிமிஷம்" என்று சிரித்தாள் ஞானஜோதி. அந்த அம்மாள் ஒன்றைத் தட்டினார். ஆவி சீறியது, கற்பூரம் காட்டினோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், எல்லோரும் மழையில் வீட்டுக்கு ஓடினோம். கம்ப்யூட்டர் அந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டது.

மறுநாள் காலை ஞானஜோதி கட்டுகளை அடுக்கி, கதவைச் சாத்தி, 'அவி' என்று தட்டினாள். ரப்பர் ஓட்டிய மறுநாள் இரண்டு நம்பரையும் தட்டுகிறவள் அன்றைக்கு ஏன் தட்டவில்லை என்று நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ரப்பர் ஓட்டுவது வேலை. பூஜை ஓட்டம் வேலை இல்லை, அது சாமி காரியம். காலிப் பானையை ஒரு நிமிஷம் ஓட்டியதை எங்களில் யாருமே ஓட்டம் என்று கணக்கில் வைக்கவில்லை. எங்கள் மனதில் கடைசியாக ஓட்டியது பூஜைக்கு முந்தின நாள் ஓட்டியதுதான். மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அவள் வழக்கம்போல அங்கேயே இருந்திருந்தால்கூடப் பிடித்திருப்பாள். பானை முன்னதாகக் கூவினால் அவளுக்கு உடனே தெரிந்திருக்கும். ஆனால் அவள் தட்டிவிட்டுத் திரும்பும்போதே கேட்டில் அந்தோணிசாமி நனைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, வலி எடுத்துகிச்சு. கூட்டினு போய் சேத்துட்டேன். உன்னதான் கேக்குறா."

மடித்துக்கொண்டிருந்த பச்சையம்மாவிடம், "கூவினதும் எறக்கிடு" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு ஓடினாள். நான் குடையைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

பச்சையம்மா நல்லவள்தான். ஆனால் அவளுக்குத் துணி மடிக்கத்தான் தெரியும், மெஷின் தெரியாது. பானை கூவியது, இறக்கினாள். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டேப் ஒட்டியிருக்கும். நன்றாக வெந்தால் அதில் உள்ள கோடுகள் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அன்றைக்கு அவை டீத்தண்ணி நிறத்தில் இருந்தன. மழைக்கு டேப் ஈரமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். எங்கள் டெம்போ ஓட்டுகிற தாமோதரன் கட்டுகளை ஏற்றினான். வழக்கமாக அவன் பெருங்களத்தூரில் ஆரம்பித்துத்தான் வருவான். அன்றைக்கு, நம்ம ஜோதியக்கா வீட்டுப் பிரசவம், புதுக்கட்டு முதலில் அங்கே போகட்டும் என்று முடிச்சூர் ரோட்டுக்கு நேராக வண்டியை விட்டான். நல்ல மனசு. அந்த நல்ல மனசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நர்சிங் ஹோமில் நடந்ததைத் தாமோதரன் சொல்லிக் கேட்டதுதான். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் ஞானஜோதி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அம்மணி கத்துவது கேட்டது. நர்ஸ் அலமாரியைத் திறந்து போன வாரத்துக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறாள். அந்த நேரம் பார்த்து தாமோதரன் படியேறி வந்தான். அவன் தோளில் புதுக்கட்டுகள். ஞானஜோதிக்கு முகமெல்லாம் பல். எழுந்து, மேலே இருந்த கட்டைத் தன் கையாலேயே எடுத்து நர்ஸிடம் நீட்டினாள்.

"அத வெச்சிடுங்க சிஸ்டர். இது இன்னிக்குக் காலைல நானே வேகவெச்சது. எந்தங்கச்சிக்கு இதப் பிரிங்க."

நர்ஸும் சிரித்துக்கொண்டே பழைய கட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தியது.

ஞானஜோதி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தாமோதரனைப் பார்த்தாள். "இன்னாடா, இவ்ளோ வெரசா வந்துட்டே?"

"அத்த ஏன் கேக்குற. நீ போய் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கூவிடுச்சாம். பச்சையம்மா சொல்லிச்சு, சாமி கும்புட்ட மறுநாளு மெஷினே சுறுசுறுப்பா கீதுன்னு."

அவள் சிரிக்கவில்லை.  அவன் தோளில் இருந்த கட்டுகளில் ஒன்றை இழுத்து டேப்பைப் பார்த்தாளாம். டீத்தண்ணி நிறம். இன்னொன்றை இழுத்தாள். அதுவும் அப்படித்தான். "ஒண்ணு" என்றாள். தாமோதரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு கட்டா? எல்லாத்தையும் எறக்கணுமாக்கா?" என்று கேட்டானாம்.

அவள் கதவில் போய் இரண்டு கையாலும் அடித்தாள். அதே நேரம் உள்ளே குழந்தை அழுதது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணிசாமி கையெடுத்துக் கும்பிட்டான். பெரியம்மாக்காரிக்குப் பொறுமை இல்லை பார் என்று யாரோ சொன்னார்கள். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். "பிரிக்காதீங்க, அத்தப் பிரிக்காதீங்க." கதவு திறந்தபோது எல்லாம் ஆகியிருந்தது. கட்டைப் பிரித்து, அந்தத் துணியால் துடைத்து, பஞ்சை உள்ளே வைத்துத் தையலும் போட்டிருந்தார்கள்.

டாக்டரம்மாவிடம் அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னாள். "அது வேகல டாக்டர். ஒரு நிமிஷந்தான் வெந்துச்சு. நாந்தான் நம்பர் போடாம உட்டுட்டேன்." ஒரே முறை. டாக்டரம்மா முகம் மாறியதாம். உடனே உள்ளே போய் எடுக்க வேண்டியதை எடுத்தார், ஊசி போட்டார். இறக்கிய கட்டுகளை எல்லாம் தாமோதரன் திரும்ப ஏற்றினான். வேறு எந்த இடத்துக்கும் அவன் இன்னும் போயிருக்கவில்லை. அன்றைக்கு வேகாத கட்டுகளில் பிரிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

விஷயம் தெரிந்து முதலாளி ஓடி வந்தார். "வெளியில சொல்லாதம்மா, ஒண்ணும் ஆகாது, கம்பெனி பேரு போயிடும்" என்றார். "சொல்லிட்டேன் சார்" என்றாள்.

அம்மணியிடமும் சொன்னாள். பிள்ளை பெற்ற களைப்பில் படுத்திருந்த அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷமாச்சும் வெந்துச்சில்ல, உடு. நீ மொதல்ல புள்ளயத் தூக்கு" என்று சிரித்தாள். நான் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. மூக்கு அப்படியே பெரியம்மா.

அப்புறம் காத்திருந்தோம். ஞானஜோதி நொடிக்கொரு தரம் தங்கச்சி நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். "அக்கா, நீ தொட்டுத் தொட்டே எனுக்கு சூடு வந்துரும்போல" என்று அம்மணி கேலி செய்தாள். ஒரு சாயங்காலம் அந்தக் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

குளிர் ஜுரம். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போகும்போது மழை, ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். நாங்கள் தினமும் வேலைக்கு வருவோம், இட்லிப் பானை சும்மா நிற்கும், தொட யாருக்கும் கை வரவில்லை. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கட்டால்தான் என்று எந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. மழைக்காலம், ரத்தசோகை, என்னென்னவோ காரணம் சொன்னார்கள். ஞானஜோதி அதில் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தோணிசாமி அவளைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டு வேலை தேடி ஓசூர் பக்கம் போய்விட்டான்.

காரியமெல்லாம் ஆன பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். நான் வர மாட்டாள் என்றே நினைத்தேன். முதலாளிக்கும் வேறு வழியில்லை, மெஷின் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வந்த முதல் நாள், "நூத்தி இருவத்தொண்ணு, முப்பது" என்று வாய்விட்டுச் சொன்னாள். தட்டினாள். மறுபடியும் சொன்னாள். பானை கூவுகிற வரைக்கும் அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அந்த மேக்ரோவை மாற்றித் தர வேறு என்ஜினீயரைக் கூப்பிடலாம் என்று முதலாளி சொன்னதற்கு, "வேணாம் சார், அது அப்டியே இருக்கட்டும்" என்றுவிட்டாள்.

அடுத்த விஜயதசமி வந்தது. பூஜை வேண்டாம் என்று சொல்ல முதலாளிக்குத் தைரியம் இல்லை, வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. எப்படியோ எல்லோரும் கூடிவிட்டோம். இட்லிப் பானைக்குப் பொட்டு. பாலாம்பாள் தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலை நீட்டினார். ஞானஜோதி இடுப்பில் குழந்தையோடு வந்து பக்கத்தில் நின்றாள். வருவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

"அவி போடுங்கம்மா. இடம். நூத்தி இருவத்தொண்ணு. இடம்."

அந்த அம்மாளின் விரல் ஒன்றாம் எண்ணின் மேல் போய் நின்றது. பழக்கம்.

"முப்பது" என்றாள் ஞானஜோதி.

 பாலாம்பாள் மூன்றைத் தட்டி சைபரைத் தட்டினார். ஆவி சீறியது. கற்பூரம் எரிந்து அணைந்தது. வாசலில் உடைக்க எடுத்த பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு தாமோதரன் அப்படியே நின்றான். காலிப் பானை முன்னால் முப்பது நிமிஷமும் எல்லோரும் நின்றோம். யாரும் உட்காரவில்லை. குழந்தை மட்டும் கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டு மேலே கை காட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் பானை கூவியது. ஞானஜோதி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். காலித் தட்டில் ஒரு துண்டு டேப் மட்டும் ஒட்டியிருந்தாள் போலிருக்கிறது. அதைப் பிய்த்தெடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கன்னங்கரேல் என்று கறுத்திருந்தது.

"வெந்துடுச்சு" என்றாள். சற்று நின்று, மறுபடியும் சொன்னாள். "வெந்துடுச்சு, அம்மணி."